புது மாடல் வண்டி மக்கர் பண்ணினால்: தினமும் வேலைக்குப் போய் வரும் கம்யூட்டர் பைக்குகளுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

முதலில் ஒரு சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். தெரு அடங்கியிருக்கும் விடிகாலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செல்ஃபைத் தொட வேண்டாம். டேங்குக்குள்ளிருந்து 'விர்ர்ர்' என்று இரண்டு மூன்று நொடி ஓர் இரைச்சல் வந்து சட்டென்று நிற்கும். அதுதான் பெட்ரோல் பம்ப். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் தேவையான அழுத்தத்தை ஏற்றிவிட்டு அது ஓய்கிறது. வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே இந்தச் சத்தம் பழகியிருந்தால், நடுவழியில் நின்றுபோகும் நாளில் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்குமாக நான் தினமும் போய் வருகிறேன். இந்தப் பாதையில் என்னைப் போல ஓட்டுகிற பலர் பழைய 100 சி.சி., 125 சி.சி. வண்டியைக் கொடுத்துவிட்டு அதே பெயரில் வந்த புது மாடலை எடுத்தவர்கள். பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்பரேட்டர் பெரும்பாலான வண்டிகளில் போய் இன்ஜெக்டர் வந்தது. ஸ்ப்ளெண்டரின் அதே 97.2 சி.சி. இன்ஜினுக்கும் அதுதான் நடந்தது. பிறகு 2025 ஏப்ரலில் ஓ.பி.டி.-2பி வந்தது. இன்ஜின் தன்னைத் தானே இன்னும் நெருக்கமாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிற விதி அது. அதையொட்டி மாடல்கள் மறுபடி மாறின. ஹோண்டா ஷைன் 125 அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே டிஜிட்டல் மீட்டர், சி-டைப் சார்ஜிங், சிக்னலில் தானே அணையும் வசதி, 90 மி.மீ. அகலப் பின் டயர் என்று வந்தது. அதன் உடன்பிறப்பான எஸ்.பி.125-க்கு 4.2 அங்குல வண்ணத் திரையே வந்துவிட்டது.

இந்த வண்டிகளில் 'கோளாறு' என்று வருவதில் பெரும்பகுதி கோளாறே இல்லை என்பதுதான் என் அனுபவம். ஒன்று, வண்டி வேண்டுமென்றே செய்கிற வேலையாக இருக்கும். இல்லையென்றால் ஒரு கனெக்டரோ, ஒரு போல்ட்டோ, ஒரு சுவிட்சோ. கார்பரேட்டர் காலத்துக் கை, மக்கர் என்றதும் நேராக ஸ்க்ரூடிரைவருக்குப் போகிறது. அங்கேதான் நிஜமான கோளாறு ஆரம்பிக்கிறது. கார்பரேட்டரோடே பி.எஸ்.6 விதியைத் தாண்டிய மாடல்களும் சில உண்டு. அவற்றில் பம்ப் சத்தம் வராது, கீழே சொல்கிற பம்ப் சோதனையும் பொருந்தாது.

செல்ஃபை அழுத்தினால் ஒன்றுமே ஆகவில்லை

முதலில் வலது கைப்பிடி அருகே, இன்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்சைப் பாருங்கள். பார்க்கிங்கில் குழந்தைகள் விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்து சைடு ஸ்டாண்டு. அது கீழே இருந்தால் செல்ஃபே எடுக்காத மாடல்கள் உண்டு. நியூட்ரலில் மட்டும் எடுத்து, கியர் போட்டதும் அணைந்துவிடும் மாடல்களும் உண்டு. கியரில் நிற்கும் வண்டியென்றால் கிளட்ச்சை முழுதாகப் பிடித்து அழுத்துங்கள். அரைகுறையாகப் பிடித்தால் லிவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் வேலை செய்யாது.

இவை சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால் பேட்டரிக்கு வாருங்கள். சாவி ஆன் செய்ததும் மீட்டர் மங்கலாக எரிகிறதா, செல்ஃபை அழுத்தும்போது திரை அணைந்து அணைந்து வருகிறதா, ஹாரன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். மல்ட்டிமீட்டர் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.5-இலிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜிங் பக்கம்தான் பழுது. அப்போது புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் மறுபடி படுத்துவிடும்.

பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் அதன் இரண்டு டெர்மினல் போல்ட்டுகளையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன ஐப்பசி மழையில் என் வண்டி காலையில் எடுக்காது, மத்தியானம் எடுக்கும், மேடு பள்ளத்தில் குலுங்கினால் மீட்டர் ஒரு நொடி அணைந்து வரும். மூன்று முறை சர்வீஸுக்கு விட்டேன். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், மூன்றாவது முறை பம்பையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். அன்று மாலை எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஒரு டூல்ஸையும் அவர் எடுக்கவில்லை. சைடு கவரைக் கழற்றி, நெகட்டிவ் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அரைச் சுற்று சுலபமாகச் சுற்றியது. வாஷருக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததை விரல் நுனியில் தொட்டு என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுதான் உங்க பம்ப்பு" என்றார். உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே லேசாக வாசலின் பூசினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.

இப்போது பேட்டரியை ஏன் இவ்வளவு பேசுகிறோம்? பழைய வண்டியில் பேட்டரி செத்தால் ஹாரனும் இண்டிகேட்டரும்தான் போகும், கிக்கர் அடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது பம்ப், இன்ஜெக்டர், இன்ஜினை நடத்தும் குட்டிக் கம்ப்யூட்டரான இ.சி.யூ. மூன்றும் மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. கிக்கர் இருக்கும் மாடலில் பேட்டரி பலவீனமாக இருந்தால் கிக்கரில் எடுக்க வாய்ப்புண்டு. சுத்தமாகச் செத்த பேட்டரியோடு எத்தனை உதை உதைத்தாலும் பல வண்டிகள் எடுக்காது. அதுவும் இந்தப் பேட்டரிகள் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-ஹவர் அளவுள்ள சின்னப் பேட்டரிகள். இரண்டு எல்.இ.டி. ஃபோகு லைட்டும் ஒரு மலிவான மொபைல் சார்ஜரும் நேராகப் பேட்டரியில் இழுத்துக் கட்டினால் அது எப்படித் தாங்கும்? கட்டத்தான் வேண்டும் என்றால் ரிலே, ஃப்யூஸ் போட்டு, சாவி ஆஃப் ஆனால் அணையும்படி கட்டச் சொல்லுங்கள். கம்பெனி வயரிங்கை வெட்டி ஒட்ட விடாதீர்கள். சென்சார் வயர்களும் அதே கட்டுக்குள்தான் ஓடுகின்றன.

ஒரு விஷயம்: செல்ஃப் போட்டால் பழைய 'கிர்ர்ர்ங்' சத்தமே இல்லாமல் சட்டென்று இன்ஜின் ஓடுகிறதே என்று சிலர் பயந்து கேட்கிறார்கள். சைலன்ட் ஸ்டார்ட் வண்டிகளில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் பல் சக்கரமும் கிடையாது. சார்ஜ் பண்ணும் ஏ.சி. ஜெனரேட்டரே இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை

இங்கேதான் அந்த 'விர்ர்ர்' தேவைப்படுகிறது. சாவியை ஆஃப் செய்து, சில நொடி விட்டு, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். சத்தம் வரவே இல்லை என்றால் கில் சுவிட்ச், ஃப்யூஸ், பம்ப் கனெக்டர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஃப்யூஸ் பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும், உதிரி ஃப்யூஸும் அங்கேயே செருகியிருப்பார்கள். மாற்றினால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிப் போடுவது வயரிங்கையே எரித்துவிடும்.

வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு எடுக்கவில்லையா? சில மாடல்களில் வண்டி சாய்ந்தால் பம்பையும் இன்ஜினையும் நிறுத்தும் சென்சார் இருக்கிறது. நிமிர்த்தி, சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் அது விடும். விழுந்த பதற்றத்தில் யாருக்கும் இது தோன்றாது. சாவியைத் திருப்பாமல் செல்ஃபை மட்டும் அழுத்தி அழுத்திப் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்கள்.

பம்ப் ஓடுகிறது, பெட்ரோல் இருக்கிறது, செல்ஃபும் பலமாகச் சுற்றுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை, சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் பிளக் நனைந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி ஐந்து நொடி செல்ஃப் போடுங்கள். அந்த நிலையில் உள்ளே காற்று நிறையப் போய் ஈரம் காய்ந்துவிடும். பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சாதாரணமாக எடுத்துப் பாருங்கள். இன்ஜெக்டர் வண்டிக்குத் தினசரி ஸ்டார்ட்டிலும் ஆக்ஸிலேட்டர் தேவையில்லை. சோக்கும் கிடையாது. குளிருக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை இன்ஜின் வெப்ப சென்சாரைப் பார்த்து இ.சி.யூ. முடிவு செய்கிறது.

ரிசர்வில் ஓட்டும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் காக் இல்லை, திருப்பிவிட ஒன்றும் இல்லை. மீட்டரில் கடைசிக் கட்டம் மினுக்கினால் அடுத்த பங்கிலேயே போடுங்கள். பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கி இருக்கும்போதுதான் அதன் சூடு தணிகிறது. அடி மட்டத்தில் கிடக்கும் கசடையும் தண்ணீரையும் உறிஞ்சுவதும் வறண்டு ஓடும் நாளில்தான்.

கியர் போட்டால் அணைந்துவிடுகிறது

ஸ்டாண்டை மேலே தள்ளியிருக்கிறீர்கள், மீட்டரில் ஸ்டாண்டு குறி இன்னும் எரிகிறது. இதுதான் அறிகுறி. ஸ்டாண்டின் மூட்டில் இருக்கும் சுவிட்சில் சேறு அடைத்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்து ஸ்டாண்டு முழுதாக மேலே ஏறாமல் நிற்கும். வயல் பக்கம், ஏரிக்கரை மேல் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். தண்ணீர் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். மூட்டுக்கு மட்டும் ஒரு சொட்டு ஆயில், சுவிட்சுக்கு வேண்டாம்.

அந்தச் சுவிட்சின் வயரை நேராக இணைத்துவிட்டால் 'பிரச்சனை தீர்ந்தது' என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டாண்டு இறங்கியபடியே ஒருவர் இடது பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். ஸ்டாண்டு ரோட்டில் ஊன்றி, வண்டியைத் தூக்கி வலது பக்கம் எறிந்துவிடும். வலது பக்கம்தான் லாரி வரும்.

சிக்னலில் தானாக அணைகிறது

இது கோளாறு என்று வருபவர்கள் ஏராளம். மீட்டரிலோ வலது சுவிட்சிலோ ஐ.3.எஸ். என்றோ ஐடிலிங் ஸ்டாப் என்றோ ஒரு பொத்தான் இருக்கும். ஸ்ப்ளெண்டரில் நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு நின்றால் சில நொடியில் இன்ஜின் அணையும், கிளட்ச்சைப் பிடித்தால் மறுபடி ஓடும். பிடிக்கவில்லை என்றால் பொத்தானை அணைத்துவிடலாம், பாதகமில்லை. இந்த வசதி இத்தனை நாள் வேலை செய்து திடீரென்று செய்யவில்லை என்றால் பேட்டரியைச் சோதியுங்கள். மறுபடி இன்ஜினை எடுக்கத் தெம்பில்லாதபோது வண்டி அதை அணைக்காமல் விட்டுவிடும்.

பட்டப்பகலில் எதிரே வருகிறவர்கள் கையை மூடித் திறந்து "லைட் எரியுது" என்று காட்டுகிறார்களே, அதுவும் பழுதில்லை. 2017 ஏப்ரலிலிருந்து ஹெட்லைட் அணைக்கும் சுவிட்சே கிடையாது.

ஐடிலிங் நிற்கவில்லை, ஏறி ஏறி இறங்குகிறது

வண்டி சூடான பிறகு ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றில் நிற்க வேண்டும். அது தடுமாறினால் முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர், இரண்டாவது, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி. மூன்றாவதாகத்தான் சென்சார்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். த்ராட்டில் பாடியில் ஒரு குட்டி ஸ்க்ரூ, மேலே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பெயின்ட் புள்ளி வைத்து இருக்கும். பழைய ஐடிலிங் ஸ்க்ரூ மாதிரியே தெரியும். அதை யாரையும் தொட விடாதீர்கள். த்ராட்டில் மூடியிருக்கும் நிலை எது என்று ஃபேக்டரியில் அளந்து வைத்த இடம் அது. அரைச் சுற்று திருப்பினாலும், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று இ.சி.யூ.வுக்குக் குழம்பிவிடும். அன்றைக்கு ஐடிலிங் ஏறி நன்றாகத்தான் இருக்கும், அடுத்த வாரம் சூட்டில் அணையும், மைலேஜ் குறையும், லைட் எரியும். த்ராட்டில் பாடியை அதற்கான கிளீனர் போட்டுத் துணியால் துடைப்பது ஒரு மணி நேர வேலை. ஸ்க்ரூவுக்கு அதில் இடமே இல்லை.

ஓட்டும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது

இரண்டு மாதிரி வெட்டல் உண்டு, ஓட்டிப் பார்த்தால் பிரித்துவிடலாம். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது, குறைந்த வேகத்தில், 'டக் டக்' என்று பின்னாலிருந்து உதைத்தால் செயின் தளர்ந்திருக்கிறது. இன்ஜெக்டரைக் குறை சொல்லிக் கொண்டு வரும் வண்டிகளில் இதுதான் அதிகம். நடுப்பகுதியில் மேலும் கீழுமாகச் செயின் ஆடும் அளவு பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் கணக்கு செயின் கவர் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். ஒரே இடத்தில் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள்.

சீரான வேகத்தில் போகும்போதே 'மிஸ்ஸிங்' அடித்தால், அதுவும் மேட்டில், டபுள்ஸில், அது தீப்பொறி அல்லது பெட்ரோல் சம்பந்தப்பட்டது. வாட்டர் சர்வீஸுக்கு மறுநாள் ஆரம்பித்ததா? பிளக் கேப்பைக் கழற்றித் துடைத்து, கனெக்டர்களைக் காயவிட்டு, நன்றாக அழுத்தி மாட்டுங்கள். பெட்ரோல் போட்ட மறுநாளா? தண்ணீர் கலந்திருக்கலாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். மாதக் கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தவர்களுக்கும், டேங்க் மூடி ரப்பர் கிழிந்து மழை இறங்கியவர்களுக்கும் இது வரும். டேங்கைக் காலி செய்து, உலர்த்தி, புது பெட்ரோல் போடுவதே வழி. மேலே மேலே ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சுத் திணறி நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், மறுபடி எடுக்கிறதா? டேங்குக்குள் காற்று போகும் குழாய் எங்கோ மடங்கியோ அடைத்தோ இருக்கிறது.

டேங்க் நிரப்பிய பிறகுதான் திணறுகிறது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பங்கில் வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, நுரை அடங்கவிட்டு, கழுத்து வரை ஊற்றிக்கொள்வது நம் வழக்கம். புது வண்டிகளில் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடித்து வைக்க, கரி நிரப்பிய கேனிஸ்டர் என்று ஒரு டப்பா இருக்கிறது. டேங்க் வழிய வழிய நிரம்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் இறங்கிவிடும். பிறகு ஆவி இழுக்கும் குழாய் வழியாக இன்ஜினுக்கு அளவுக்கு மீறிப் போய், ஸ்டார்ட் ஆவதற்குச் சிரமப்படும், வாடை அடிக்கும். டேங்கின் வாயில் உள்ளே இறங்கும் தகட்டின் கீழ் விளிம்பு தெரிகிறது அல்லவா, பெட்ரோல் அதைத் தொடுவதற்கு முன் "போதும் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

இன்ஜின் லைட் எரிகிறது

சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் அது சோதனை விளக்கு, கவலை வேண்டாம். ஓடும்போது எரிந்தபடியே இருந்தால் இ.சி.யூ. ஒரு குறையைக் குறித்து வைத்திருக்கிறது. ஹோண்டாவின் சர்வீஸ் முறையில் விளக்கு மினுக்கும் எண்ணிக்கையே குறையின் எண். 1.3 நொடி நீள மினுக்கல் ஒன்றுக்கு 10, 0.3 நொடி குறு மினுக்கல் ஒன்றுக்கு 1. ஒரு நீளமும் இரண்டு குறுவும் வந்தால் 12, அது இன்ஜெக்டர் அல்லது அதன் வயர். 8 என்றால் த்ராட்டில் சென்சார், 21 என்றால் ஆக்ஸிஜன் சென்சார். மற்ற கம்பெனிகளின் கணக்கு வேறு. ஸ்கேனரில் பார்ப்பதுதான் நிச்சயம்.

குறையின் எண் தெரிந்ததும் அந்தச் சென்சாரை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சென்சாரின் கனெக்டரை முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த வயரும், பச்சை பூத்த கனெக்டர் ஊசியும் அதே எண்ணைத்தான் காட்டும். சர்வீஸில் விடும்போது "என்ன எரர் கோடு வந்தது?" என்று குறையின் எண்ணைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மைலேஜ் குறைந்துவிட்டது

திரையில் காட்டும் எண்ணை வைத்துச் சண்டை போட வேண்டாம். ஒரே பங்கில், மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே மட்டத்துக்கு நிரப்பி, 200 கி.மீ.யாவது ஓட்டி, மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பிக் கணக்குப் போடுங்கள். மூன்று முறை போட்டுச் சராசரி எடுங்கள்.

எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதன்படி இ20-ல் இருக்கும் சக்தி கலப்பில்லாத பெட்ரோலைவிட 7 சதவீதம் போல, முன்பு வந்த 10 சதவீதக் கலப்பைவிட 3 சதவீதம் போலக் குறையும். 60 கொடுத்த வண்டி 57, 58-க்கு வந்தால் அது பெட்ரோல். 48-க்கு வந்தால் பெட்ரோல் மேல் பழி போடாதீர்கள். இரண்டு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். 125 சி.சி. வரையிலான பெரும்பாலான வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் கோம்பி பிரேக் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் டைட் வைத்து, இணைப்பு கேபிளைக் கவனிக்காமல் விட்டால் முன் சக்கரம் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே ஓடும். பத்து கி.மீ. ஓட்டி இறங்கி டிரம்மின் மேல் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று ஆவியாகும், அந்த அளவு சூடு. கூடவே காற்று. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு, குளிர்ந்த டயரில், வாரம் ஒருமுறை. டியூப்லெஸ் டயர் ஆணியோடும் நாள் கணக்கில் ஓடும், காற்று மெதுவாக இறங்குவது கண்ணுக்குத் தெரியாது.